சால்வை போடும் முன் ஒரு விஷயம்

எங்கள் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் இந்த முறை ஒரு இளைஞனை மேடையேற்றிப் பாராட்டுகிறார்கள். பாராட்டுப் பத்திரத்துக்கு வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "பத்து வரிக்கு மேல வேண்டாம் சார், ஃபிரேம் சின்னது" என்று செயலாளர் சொல்லிவிட்டு, மாதிரிக்குப் போன வருஷத்துப் பத்திரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தன்னலம் கருதாத, அளவற்ற ஆர்வமும் அர்ப்பணிப்பும் கொண்ட, சமுதாயத்துக்கே முன்னுதாரணமாகத் திகழும் என்று போகிறது அது. போன வருஷம் பாராட்டப்பட்டவர் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தும் டாக்டர். பெயரை மாற்றி, 'கண்' வருகிற இடத்தில் 'கடல்' என்று போட்டால் இந்த வருஷத்துக்கு அப்படியே பொருந்தும். அடுத்த வருஷம் ரத்ததானம் செய்கிறவருக்கும் பொருந்தும். யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற பாராட்டை வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டி என்ன செய்ய? அந்தப் பையன் என்ன செய்தான் என்று ஒரு வரியாவது அதில் இருக்க வேண்டாமா?

பத்து வரியில் அடங்காததால் இங்கே எழுதுகிறேன்.

பெயர் போட வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான். எங்கள் கட்டடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மீனவர் குப்பத்துப் பையன். அப்பா ஃபைபர் படகில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். கல்லூரியில் படிக்கிறான். டவுசர் போட்டுக்கொண்டு திரிந்த காலத்திலிருந்து தெரியும் என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அவன் செய்வது கடலாமை வேலை. தெற்குச் சென்னைக் கரைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் கடைசி வரை, சில வருஷம் ஏப்ரலிலும், பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். இந்தக் கரையில் ஆமைக்காக இரவில் நடப்பது புதிதல்ல. 1970-களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் நடந்தார்கள். அந்தக் காலத்தில் ஆமை முட்டையைத் தோண்டி எடுத்துச் சாப்பிடுவதும் விற்பதும் சாதாரண விஷயம், அதனால்தான் முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் வைத்துப் பொரிக்கவைக்கும் பழக்கமே வந்தது. 1988-இல் சில கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எஸ்.எஸ்.டி.சி.என். என்ற கடலாமைப் பாதுகாப்புக் குழுவை ஆரம்பித்தார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, சுமார் 7 கிலோமீட்டர், ராத்திரி முழுக்க மணலில் நடை. வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களும் கூட வரலாம். ஆரம்பித்த மாணவர்களுக்கு இப்போது தலை நரைத்திருக்கும். நடை மட்டும் நிற்கவில்லை. அந்த வரிசையில் எத்தனையோ பேருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவன்தான் நம் ஆள்.

நடக்கிறான் என்று சொன்னால் எங்கள் சங்கத்தில் பலருக்கு வாக்கிங் ஞாபகம்தான் வருகிறது. என்ன செய்கிறான் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஆமை கரையேறும்போது முன்துடுப்புகளால் மணலை இழுத்துக்கொண்டே வரும், அதன் தடம் ஈர மணலில் பட்டையாக விழும். அலை எட்டாத இடத்துக்கு வந்து, பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போலக் குழி பறித்து, சராசரியாக நூற்றுச்சொச்சம் முட்டைகளை இடும். மணலைத் தள்ளி மூடி, தன் அடிவயிற்றாலேயே தொம் தொம்மென்று இடித்துக் கெட்டியாக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. முக்கால்வாசி நேரம் நடப்பவர்கள் பார்ப்பது ஆமையை இல்லை, ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று, நடுவே கலைந்த மணல். அந்தக் கலைந்த பரப்பில் குழி எந்த மூலையில் இருக்கிறது? ஒரு கம்பை மெதுவாக இறக்கிப் பார்க்க வேண்டும். கெட்டி மணலில் கம்பு நிற்கும், குழியின் வாய்க்கு மேலே கொஞ்சம் தளர்ந்து இறங்கும். அந்தத் தளர்வு கைக்குத் தெரிய வேண்டும். தெரியாதவன் ஒரு அமுக்கு அமுக்கினால் நாலு முட்டை உடையும். சில சமயம் ஆமை மேலே ஏறி, வெளிச்சமோ சத்தமோ பிடிக்காமல் முட்டையிடாமலே திரும்பியிருக்கும். அப்போது தடம் இருக்கும், குழி இருக்காது. அதையும் தேடிப் பார்த்துத்தான் இல்லை என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் ஒரு சீசனில் வந்துவிடுகிற கைப்பழக்கம் இல்லை. இவன் கம்பை இறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான், எதற்கு என்று கேட்டால் "இருட்டுல கண்ண தெறந்து வச்சு என்ன சார் தெரியப்போகுது" என்பான்.

குழி கிடைத்ததும் தோள் வரைக்கும் கையை விட்டு ஒவ்வொரு முட்டையாக எடுத்து, எண்ணி, துணிப்பையில் வைத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் இது முடிந்தாக வேண்டும், தாமதமானால் உள்ளே கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், அதன்பிறகு குலுக்கினாலோ புரட்டினாலோ செத்துப்போகும். பொரிப்பகத்தில் அதே ஆழம், அதே வடிவத்தில் குழி தோண்டி வைத்து, தேதி, எடுத்த இடம், எத்தனை முட்டை எல்லாவற்றையும் எழுதி அட்டை நட வேண்டும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மேலே வரும். வந்ததும் அவற்றை நேராக அலையில் கொண்டுபோய்ப் போட்டுவிடக் கூடாது, கொஞ்ச தூரமாவது மணலில் தாமாக நடக்க விட வேண்டும். எல்லாம் போன பிறகு குழியைத் திறந்து வெறும் ஓடு எத்தனை, பொரிக்காதது எத்தனை, உள்ளேயே செத்தது எத்தனை என்று எண்ண வேண்டும். அழுகிய முட்டையின் நாற்றம் ரெண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. குஞ்சு விடும் சாயங்காலத்துக்கு ஊரே வருகிறது. இந்த எண்ணிக்கைக்கு இவனும் இன்னும் ரெண்டு மூணு பேரும்தான்.

அவனிடம் நோட்டு ஒன்று இருக்கிறது. பாராட்டுவதாக இருந்தால் அந்த நோட்டைத்தான் முதலில் பாராட்டுவேன். குழு வைத்திருக்கும் பதிவேடு தனி, இது அவனுடைய சொந்த நோட்டு. அன்றைக்கு வாடைக்காற்றா, கச்சானா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது, அலைக்கோட்டிலிருந்து குழி எத்தனை எட்டு, பௌர்ணமிக்கு எத்தனை நாள் முன்பின், எந்தக் கட்டடத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது எல்லாம் இருக்கும். காற்றையும் நீரோட்டத்தையும் அப்பாவிடம் கேட்டு எழுதுகிறான். நீரோட்டத்துக்கெல்லாம் அவர்களிடம் தனித்தனிப் பெயர் உண்டு, வடக்கேயிருந்து தெற்கே போனால் வன்னி. இந்த விஷயம் பி.எச்டி. செய்யும் ஆளுக்கும் தேவைப்படும், ஆனால் அவருக்கு அது தெரியாது. ஒரு தடவை ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்து, இவன் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு அவர் எழுதியதில் இவன் பெயர் எங்கேயும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அவனுக்கு அது உறைத்ததா என்று தெரியவில்லை, எனக்கு உறைத்தது.

போட்டோ கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். பத்திரத்தில் போட, அவன் ஆமையைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் படம் வேண்டும் என்று விழாக் குழுவில் கேட்டார்கள். இல்லை என்றான். இத்தனை வருஷமாகப் போகிறாய், ஒரு செல்ஃபி கூட எடுக்கவில்லையா என்று ஆச்சரியம். கரையேறும் ஆமைக்கு முன்னால் பிளாஷ் அடித்தால் அது திரும்பிப் போய்விடும், குஞ்சுகளுக்கு அடித்தால் திசை தவறும். அதுவுமில்லாமல் பங்குனி ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர், புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியல், அதைத் தூக்கிவைத்துப் படம் எடுப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. ஆக, எவன் ஒழுங்காக வேலை செய்கிறானோ அவனிடம் படமே இருக்காது. விருது விண்ணப்பங்களில் 'களப்பணியின் புகைப்படங்களை இணைக்கவும்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. இருட்டில் செய்ய வேண்டிய வேலைக்கு எங்கே போய்ப் படம் எடுப்பது? கடைசியில் அவனுடைய கல்லூரி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள், திருடன் மாதிரி முழிக்கிறான்.

அந்த விண்ணப்பங்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'உங்கள் பணியின் விளைவு என்ன' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு பெண் பங்குனி ஆமை முட்டையிடும் வயதுக்கு வர 10 முதல் 15 வருஷம் ஆகும். பிறந்த பகுதிக்கே அது திரும்பி வரும் என்பார்கள். கடலுக்குள் போகும் குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்று பிழைத்தால் அதிகம் என்று பொதுவாகச் சொல்வது வழக்கம். அப்படியென்றால் இவன் பதினைந்து வயதில் விட்ட குஞ்சு ஏதாவது ஒன்று பிழைத்து, இதே கரைக்கு வந்தால், அப்போது இவனுக்கு முப்பது இருக்கும், கல்யாணம் ஆகியிருக்கும், வேலைக்காக எங்கேயோ இருப்பான். வந்தாலும் அது இவன் விட்டதுதான் என்று எவராலும் சொல்ல முடியாது. விளைவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? எத்தனை குஞ்சு கடலுக்கு விட்டோம் என்று எழுதலாம், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அது செய்த வேலையின் அளவு, கடலில் ஆமை கூடியதா குறைந்ததா என்பதற்கு அது பதில் இல்லை. இதை என்னிடம் சொன்னவனும் அவன்தான். விண்ணப்பத்தில் இப்படி எழுதினால் தேறாது தம்பி என்றேன். சிரித்தான்.

சதீஷ் பாஸ்கரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆமை பின்னால் போனவர். இந்தியக் கரையோரங்களையும் தீவுகளையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் காலால் நடந்து, எங்கே எந்த ஆமை முட்டையிடுகிறது என்று எழுதிவைத்தார். 1982-இல் லட்சத்தீவில் சுஹேலி வலியகரா என்ற ஆளில்லாத தீவில் மழைக்காலம் முழுக்கத் தனியாகத் தங்கினார், ஏனென்றால் பச்சையாமை அந்தச் சமயத்தில்தான் அங்கே முட்டையிடும், மழைக்காலத்தில் எந்தப் படகும் அந்தப் பக்கம் போகாது. மனைவிக்குக் கடிதம் எழுதி ஒரு பாட்டிலில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் சேர்த்துவிட்டார். இந்தக் கதையை எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தியாவில் கடலாமை பற்றிப் பின்னால் வந்தவர்கள் சாய்ந்து நின்றது அவருடைய குறிப்புகளின் மேல். பாட்டில் கதை அளவுக்கு அந்தக் குறிப்புகளை யாரும் பேசுவதில்லை. 2023-இல் காலமானார். ஒரு மனிதரைக் கொண்டாடும்போது எந்தப் பகுதியைக் கொண்டாடுகிறோம் என்பதில் நமக்கு எப்போதும் இந்தக் கோளாறு இருக்கிறது.

சரி, பாடம் சொல்லிக்கொடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை இரவு நடைக்கு வருகிறவர்கள் கலவையான கூட்டம். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், பள்ளிக்கூடத்து மாணவர்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் பெற்றோர்கள். பாதிப் பேருக்கு ஆமையைப் பார்த்தே ஆக வேண்டும், டிக்கெட் வாங்கின மாதிரி. பல இரவுகளில் ஒரு ஆமை கூட வராது. மூன்று மணிக்கு மேல் கால் வலி, தூக்கம், எரிச்சல். அந்த நேரத்தில் அவர்களை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? இதில்தான் பையன் கெட்டிக்காரன். ஆமையைப் பற்றிப் பேசவே மாட்டான். மணலில் உட்காரவைத்து, கரைக்கு முதுகு காட்டித் திரும்பச் சொல்வான். "இப்ப நீங்க ஆமைக்குஞ்சு, மேல வந்துட்டீங்க, எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கு?" எல்லோரும் ஊரைக் காட்டுவார்கள். தெருவிளக்கு, ஓட்டல், அபார்ட்மென்ட். "அப்ப அங்க போங்க" என்பான். யாரும் சிரிக்க மாட்டார்கள். மின்விளக்கு வருவதற்கு முன் இரவில் கரையோரத்தில் பிரகாசமான பக்கம் கடலின் அடிவானம்தான், குஞ்சுகள் அந்தப் பக்கம் போய்ப் பழகிய ஜாதி. இப்போது ரோட்டுப் பக்கம் போய், நாயிடமும் காக்கையிடமும் சக்கரத்திலும் மாட்டுகின்றன. முட்டையைத் தோண்டி எடுத்து வேலிக்குள் வைப்பது எவ்வளவு அசிங்கமான ஒட்டுப்போடும் வேலை, கரை கரையாக இருந்தால் இது எதற்கு என்று அவர்களுக்கே அப்போது தோன்ற ஆரம்பிக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் வந்தால் ஒருவனாவது அந்தப் பழமொழியை எடுத்துவிடுவான். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. ஆசிரியர்கள் சங்கடப்பட்டு அவனை அதட்டுவார்கள். இவன் அதட்ட மாட்டான். "அமீனாவ விடு, ஆமை உங்க வீட்டுக்கு எப்படா வந்துச்சு? அது பொறந்த எடத்துல நாமதான் பூந்து லைட்டு போட்டிருக்கோம்" என்பான். அகநானூற்றில் 160-ஆம் பாட்டில் ஆமை முட்டை வருகிறது. மணலில் மறைத்துப் புதைத்த, உருண்டையான, புலால் நாறும் முட்டையைக் குஞ்சு வரும்வரை ஆண் ஆமை காத்திருப்பதாகச் சொல்கிறது. யாரோ தமிழாசிரியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, இதில் எது சரி, எது தப்பு என்று கேட்பான். முட்டையை மூடி மறைப்பது சரி, நாற்றம் சரி, உருண்டை வடிவம் சரி. ஆண் காவல் காப்பது தப்பு, ஆண் ஆமை பொரித்து ஓடிய அன்றைக்கு மணலில் கால் வைத்ததோடு சரி, அப்புறம் கரைக்கே வருவதில்லை. பாட்டு எழுதியவரைக் கேலி செய்ய மாட்டான், அவ்வளவு தூரம் கவனித்தவர் இதில் மட்டும் ஏன் அப்படி நினைத்தார் என்று பிள்ளைகளிடமே விடுவான். சங்கப் பாட்டை இப்படி நடத்தலாம் என்று எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் காட்டவில்லை.

இன்னொரு விஷயமும் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. சுமார் 29, 30 டிகிரியை ஒட்டிய ஒரு நிலைக்குக் கீழே இருந்தால் ஆண் அதிகம், மேலே போனால் பெண் அதிகம். அதனால்தான் வெயில் ஏறும்போது பொரிப்பகத்துக்கு மேல் பச்சை நிழல்வலை கட்டுகிறார்கள். ஊரே சூடாகிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பருவநிலை மாற்றம் என்ற சொல்லைக் கூட அவன் பயன்படுத்த வேண்டியிருக்காது, பிள்ளைகளே போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

இதுவரை சொன்னது இனிமையான பகுதி. 2025 ஜனவரியை விட்டுவிட்டு அவனைப் பற்றி எழுதினால் அது பொய்.

அந்த மாதம் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் செத்த ஆமைகள் ஒதுங்கிக்கொண்டே இருந்தன. தமிழ்நாட்டுக் கரையில் ஆயிரத்துக்கும் மேல். பத்திரிகைகளில் வந்தது, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவைமடி வலை மணிக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் இழுபடும்போது உள்ளே மாட்டிய ஆமை மூச்சடைத்துச் சாகும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி ஒதுங்கும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வலையில் ஆமை மட்டும் வெளியேற வழிவிடும் கம்பிச் சட்டம் ஒன்றும் இருக்கிறது, டெட் என்பார்கள், அதைப் பொருத்தினால் இறாலும் மீனும் சேர்ந்து போய்விடும் என்ற பயத்தில் பெரும்பாலும் யாரும் பொருத்துவதில்லை.

அந்த மாதத்தில் இவன் வேலை பொரிப்பகத்தில் இல்லை. காலையில் எழுந்து கரையோரமாகப் போய், செத்த ஆமை ஒவ்வொன்றையும் நாடா வைத்து ஓட்டின் நீளம் அளந்து, ஆணா பெண்ணா என்று வால் பார்த்து, எழுதிக்கொண்டு, அப்புறம் ஓட்டின் மேல் பெயிண்டால் ஒரு கோடு போடுவான். அலை இழுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் ஒதுக்கினால் யாராவது மறுபடி எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கோடு. பெண் ஆமைகள் சிலவற்றின் வயிற்றுக்குள் முட்டை இருந்தது. கடற்கரைக்கு நடக்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் 'மாநகராட்சிக்கு யாராவது போன் பண்ணுங்கள், நாற்றம் தாங்கவில்லை' என்று செய்தி வந்தது, அதற்குக் கீழே 'இந்த மீனவர்களே இப்படித்தான்' என்று இன்னொரு செய்தி.

இந்த ரெண்டாவது செய்திதான் அவனுக்குக் கஷ்டம். அவன் குப்பத்தில் யாரிடமும் விசைப்படகு இல்லை. சின்ன ஃபைபர் படகுகள், செவுள் வலை. அதிலும் ஆமை மாட்டும், மாட்டாது என்று அவன் ஒருபோதும் சொல்ல மாட்டான். மாட்டினால் வலையை அறுத்துத்தான் விட வேண்டும், அறுத்த வலையைச் சரிசெய்யும் செலவு கைக்காசு. மகாராஷ்டிராவில் இதற்கு 2018-இலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட உயிரை விடுவிக்க வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு. அதை அச்செடுத்துவைத்துக்கொண்டு குப்பத்துப் பெரியவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தான். குப்பத்தில் சிலர், 'நம்ம பொழப்ப விட்டுட்டு ஆமைக்கு வக்காலத்து வாங்கறான்' என்றார்கள். எங்கள் பக்கம் அவனை 'மீனவன் மகன், ஆனாலும் நல்ல பையன்' என்றார்கள். அந்த 'ஆனாலும்' என்னைவிட அவனுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். ரெண்டு பக்கமும் பேச்சு வாங்கிக்கொண்டு காலையில் நாடாவோடு கிளம்பியவனைத்தான் சங்கம் பாராட்டுகிறது என்றால், அந்த ஜனவரி பத்திரத்தில் இருக்க வேண்டும். நான் எழுதிக்கொடுத்தேன். 'செத்த ஆமை என்ற சொல் மங்கலமாக இல்லையே சார்' என்று திரும்பி வந்தது. இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

பெரிய விருதுகளைப் பற்றி எனக்குக் குறையில்லை. தமிழ்நாடு அரசு பசுமை முதன்மையாளர் விருது கொடுக்கிறது, ஒரு லட்சம் ரூபாய், நல்ல விஷயம். தேசிய அளவிலும் இளம் இயற்கையாளர்களுக்கு விருதுகள் உண்டு. ஆனால் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் தன்னார்வலர் என்ற பட்டம் யாருக்குக் கிடைக்கிறது என்பதில் ஒரு ஒழுங்கு தெரியும். நல்ல ஆங்கிலம் பேசுகிற, வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போடப்போகிற பிள்ளை நாலு இரவு நடந்தால் அது தன்னார்வப் பணி, சான்றிதழ் உண்டு. குப்பத்துப் பையன் நாலு வருஷம் செய்தால் 'லோக்கல் சப்போர்ட்'. 1988-இல் ஆரம்பித்த மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னால் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஆனார், கடலாமை ஆராய்ச்சியில் பெரிய பெயர். கரையில் நடந்த ஒருவர் அங்கே போய்ச் சேர முடியும் என்பதற்கு அது சாட்சி. எங்கள் பையன் அந்தப் பாதையில் போக என்ன வேண்டும்? ராத்திரி முழுக்க விழித்துவிட்டுக் காலை முதல் வகுப்புக்கு வர முடியாததால் வருகைப் பதிவு குறைகிறது, அதற்கு யாராவது கல்லூரிக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். வகுப்பில் புள்ளியியல் நடக்கிறது, அவனுடைய நோட்டை வைத்து அதைச் செய்துகாட்ட ஒரு ஆள் வேண்டும். சீசனில் டீ, பஸ், டார்ச் பேட்டரி என்று போகிற காசு அவனுடைய கேட்டரிங் சம்பளத்திலிருந்து போகிறது. சால்வையும் கேடயமும் வாங்கும் செலவை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவனுக்கு ஒரு சீசன் டீ செலவு தாராளமாக ஓடும்.

இதை விழாக் குழுவில் சொன்னபோது, பணமாகக் கொடுத்தால் அசிங்கமாக இருக்குமே என்றார்கள். எனக்குப் புரியவில்லை. அவனிடமே கேட்டுவிடலாம் என்று கேட்டேன். உனக்கு என்ன வேண்டும் தம்பி, சங்கம் செய்யக்கூடியதாகச் சொல்லு.

அவன் பணம் கேட்கவில்லை. அதனால் கொடுக்க வேண்டாம் என்று அர்த்தம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அந்த வாதத்தை நான் விடப்போவதில்லை. அவன் கேட்டது, "உங்க பில்டிங்ல கடல் பக்கம் இருக்கிற லைட்ட ஜனவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல நிறுத்த முடியுமா சார்?" அவனுடைய நோட்டில் எங்கள் கட்டடத்தின் பெயர் நிறைய இடத்தில் இருக்கிறது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்ற பத்தியில்.

சங்கக் கூட்டத்தில் வைத்தேன். பாராட்டு விழாவுக்கு ஏகமனதாகக் கை தூக்கியவர்கள் விளக்கு என்றதும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். திருட்டுப் பயம், பாம்புப் பயம், வயசானவர்கள் விழுந்துவிடுவார்கள், காவலாளி தூங்கிவிடுவார். பையனே வந்து பேசினான். எல்லாவற்றையும் அணைக்க வேண்டாம், கடலைப் பார்த்து நிற்கும் விளக்குகளைக் கீழே பார்க்கும்படித் திருப்பி மேலே மூடி போட்டால் போதும், வெள்ளை எல்.இ.டி.க்குப் பதிலாக ஆரஞ்சு நிற பல்பு போட்டால் குஞ்சுகளை அது அவ்வளவு இழுக்காது, உங்களுக்கும் வழி தெரியும் என்று சொன்னான். எலக்ட்ரீஷியனிடம் விலையும் கேட்டு வைத்திருந்தான். அப்புறம் பேச ஒன்றும் இல்லாமல் போனது.

கிழக்குச் சுற்றுச்சுவர் விளக்குகளுக்கு மூடி போட்டாகிவிட்டது. செலவு சங்கத்துடையது, தீர்மானமாக எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன், அடுத்த கமிட்டி வந்து மாற்றிவிடக் கூடாது என்று. பார்க்கிங் பக்கம் ஆரஞ்சு பல்பு வந்தாயிற்று, கல்யாண வீடு மாதிரி இருக்கிறது என்று ஒரு மாமி குறைப்பட்டுக்கொண்டார், பழகிவிடும். பாக்கி இருப்பது மொட்டைமாடியில் எரிகிற ஃபிளட் லைட். அது மேல்மாடிக்காரர் சொந்தச் செலவில் போட்டது, சங்கக் கூட்டத்துக்கு வருகிற பழக்கம் அவருக்கு இல்லை, போனையும் எடுப்பதில்லை. விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். சால்வையை அவர் கையால் போடவைக்கலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.